கயிறு தொங்குகிறது, இழுக்க ஆளில்லை

இரண்டாம்_ஷிஃப்ட் | திங்கள், இரவு 11.50

வணக்கம். ஓரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் லைனில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு டீம் லீடர் ஆக்கினார்கள். லைனில் மொத்தம் 22 பேர். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும். பாதிப் பேருக்கு ஊர் தமிழ்நாடே இல்லை.

போன மாதம் ஒரு பிராக்கெட்டில் வெல்டு இடம் தள்ளி விழுந்திருக்கிறது. பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்சரில் ஒரு பின் தேய்ந்துபோனதுதான் காரணம். மூன்று ஷிஃப்ட் ஓடித் தீர்ந்த பிறகு, வாங்குகிற கம்பெனியின் ஆலையில்தான் அது பிடிபட்டது. நாங்கள் வேனில் போய், அவர்கள் கிடங்கில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினோம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: முதல் இரவே ஒரு பையன் அதைக் கவனித்திருக்கிறான். அவன் தலைக்கு மேலேயே மஞ்சள் கயிறு தொங்குகிறது. இழுத்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும், நான் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். அவன் இழுக்கவில்லை. அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் பொறுப்பேற்றதிலிருந்து அந்தக் கயிற்றை எவரும் இழுத்துப் பார்த்ததில்லை. தணிக்கைக்கு ஆள் வருவார்களே என்று வாரம் ஒருமுறை துடைத்து மட்டும் வைக்கிறோம்.

"உங்கள் லைனில் குழு உணர்வு குறைவு" என்று மனிதவளப் பிரிவு முடிவு கட்டிவிட்டது. அதற்கு மருந்தாக வருகிற ஞாயிறு மாமல்லபுரம் சுற்றுலாவாம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், பலூன் உடைக்கும் போட்டி. எங்கள் பையன்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் துணி துவைக்கும் நாள். இதனால் ஏதாவது பலன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பாடி_பழையவர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போய் வா. சுண்டல் நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏன் இழுக்கவில்லை என்று அந்தப் பையனைக் கேட்டாயா? நீ எழுதியதில் அது இல்லையே.

சென்னை பாடியில் ஒரு ஆலையின் டூல் ரூமில் 31 வருடம் இருந்தவன் நான். இரண்டு ஃபோர்மன்களிடம் வேலை பார்த்தேன். தகடு வெட்டும் அச்சான டை உடைந்தால் முதலாமவர் வந்து நின்று கேட்பது "யார் உடைத்தது?" இரண்டாமவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "விரிசல் எங்கே ஆரம்பித்திருக்கிறது, காட்டு" என்பார். முதலாமவர் காலத்தில் உடைந்த பஞ்ச் எல்லாம் இரும்புச் சீவல் குப்பைக்குள் மறைந்துவிடும். டிபன் பாக்ஸில் போட்டு வெளியே கொண்டுபோய் கேட்டில் மாட்டிக்கொண்டவனும் உண்டு. இரும்பு திருடினான் என்று எழுதினார்கள். பாவம், அவன் திருடப் பார்த்தது தன் தப்பை.

இரண்டாமவர் வந்த ஆறு மாதத்தில் அவர் மேசைமேல் உடைசல் குவிந்துவிட்டது. எல்லோரும் கொண்டுவந்து காட்டினோம். மேலே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இந்த ஆள் வந்த பிறகு உடைசல் அதிகமாகிவிட்டது." அவருக்கு அந்த வருடம் பதவி உயர்வு இல்லை.


கணினிக்_கூலி | செவ்வாய், காலை 10.05

உங்கள் தலைக்கு மேல் தொங்கும் அந்தக் கயிற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மென்பொருள்காரன், ஆனால் எங்கள் துறை பாதிச் சொற்களை உங்கள் தொழிற்சாலைகளில் இருந்துதான் கடன் வாங்கியது.

அதன் வேர் தறியில் இருக்கிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். சாதாரணத் தறியோ அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போகும், துணி பாழாகும். தப்பு நேர்ந்த இடத்திலேயே நில் என்பதுதான் அதன் சூத்திரம். பின்னாளில் அவர் குடும்பம் கார் செய்ய வந்தபோது, தறிக்குக் கொடுத்த அந்த உரிமையை மனிதர் கைக்குக் கயிறாகக் கொடுத்தார்கள்.

இனி அமெரிக்கா. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. 1982இல் இழுத்து மூடினார்கள். கெட்ட பெயர் எடுத்த ஆலை. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வேலை நேரத்தில் குடி நடந்தது. ஆனாலும் ஒரே ஒரு விதியை மட்டும் எவரும் மீற முடியாது: லைன் நிற்கக் கூடாது. பாகம் பொருந்தாமல் வந்தாலும் தள்ளிவிடு, வெளியே முற்றத்தில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

1984இல் அதே ஆலையை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாகத் திறந்தன. பெயர் நும்மி. நடத்தியது டொயோட்டா. வேலைக்கு எடுத்த ஆட்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பழைய ஆலையின் ஆட்களே. தொழிற்சங்கமும் அதுவே. சில நூறு பேரை ஜப்பானில் தகாவோகா ஆலைக்கு அனுப்பி, அங்கே லைனில் நிற்க வைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே உணவுக்கூடம், ஒரே வண்டி நிறுத்துமிடம். கயிற்றை இழுத்தால் லைன் உடனே நிற்காது என்பதைக் கவனியுங்கள். முதலில் குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த நிலையத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியவில்லை என்றால்தான் நிற்கும். அதாவது கயிறு என்பது "உதவிக்கு வாருங்கள்" என்ற அழைப்பு.

ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலையின் தரம் ஜப்பான் ஆலைக்கு அருகில் வந்துவிட்டது. வராதவர் எண்ணிக்கை சில சதவீதமாகக் குறைந்தது. ஆட்கள் மாறவில்லை. வேலையைக் கோத்த விதம் மாறியது, அதன் பின்னால் மனமும் மாறியது. மனதை மாற்றிவிட்டு வேலையை மாற்றலாம் என்று அவர்கள் காத்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.


செங்கொடி_நிழல் | செவ்வாய், மாலை 7.30

கணினி நண்பர் அழகாகக் கதை சொன்னார். விட்டுவிட்ட பாதியை நான் சொல்கிறேன்.

இதையே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளில் போட்டுப் பார்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் குழு முறையைக் கொண்டுவந்தார்கள், கயிறும் கட்டினார்கள். மேலாளர்கள் மட்டும் பழைய மேலாளர்களாகவே இருந்தார்கள். லைன் நின்றால் அவர்கள் முகம் கறுத்தது. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. ஆக, கயிறு வாங்குவது எளிது.

இரண்டாவது, நும்மியைச் சொர்க்கம் ஆக்காதீர்கள். அமெரிக்கத் தொழிற்சங்கவாதிகள் சிலர் அந்த முறைக்கு "அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம்" என்றே பெயர் வைத்தார்கள். ஒருவர் வரவில்லை என்றால் மாற்று ஆள் கிடையாது, குழுத் தலைவரும் மற்றவர்களும் அவர் பங்கைச் சுமக்க வேண்டும். விளைவு என்ன? காய்ச்சலோடு படுத்தவன்மேல் முதலாளிக்கு வரவேண்டிய கோபம், அவனோடு சேர்ந்து வேலை செய்பவனுக்கு வருகிறது. மேஸ்திரி வேலையைக் குழுவே இலவசமாகச் செய்துகொடுக்கிறது. "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் நான் முதலில் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நும்மியில் அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றவும் செய்தார்கள். 1980களின் இறுதியில் கார் விற்பனை விழுந்து உற்பத்தியைக் கடுமையாகக் குறைத்தபோதும் ஆட்களை வெளியே அனுப்பவில்லை. பயிற்சியில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். கயிற்றை இழுத்த கைகளுக்குத் தைரியம் வந்தது அதில் இருந்துதான் என்பது என் எண்ணம். தோழர் இரண்டாம்_ஷிஃப்ட், உங்கள் 22 பேரில் 16 பேருக்கு அடுத்த மாதம் வேலை இருக்கிறதா என்பதே தெரியாது. அவர்களிடம் போய்க் குழு உணர்வு கேட்கிறார்கள்!


வெள்ளரிப்பிஞ்சு | செவ்வாய், இரவு 9.02

டி-ஷர்ட் என்ன நிறம்?


இரண்டாம்_ஷிஃப்ட் | புதன், அதிகாலை 1.20

கிளிப்பச்சை.

பாடி ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியை இன்று அவனிடம் கேட்டேன். தேநீர் இடைவேளையில், கேன்டீன் பின்னால் வைத்து. ஒடிசாப் பையன், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். முதலில் "தெரியவில்லை அண்ணா" என்றான். இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் சொன்னான்.

அவனுக்கு முன்னால் அதே இடத்தில் நின்றவன் ஒருமுறை கயிற்றை இழுத்திருக்கிறான். லைன் நான்கு நிமிடம் நின்றது. மாலையில் மேலே இருந்து ஒருவர் வந்து, இழுத்தவன் பெயரைக் கேட்டார். திட்டவில்லை. பெயரை மட்டும்தான் கேட்டார். அடுத்த மாதம் ஒப்பந்ததாரர் அவனை வேறு ஏதோ ஆலைக்கு மாற்றிவிட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. எவரும் விளக்கவும் இல்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாளில் நானும் அதே லைனில்தான் நின்றேன். அவன் போனதைப் பார்த்தேன். எங்கே போனான் என்று நானும் கேட்கவில்லை.


தியேட்டர்_சிஸ்டர் | புதன், மதியம் 2.45

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "பெயரை மட்டும்தான் கேட்டார்." எங்கள் அறுவை அரங்கிலும் பயம் இப்படித்தான் நுழைகிறது. கத்துகிற டாக்டரைக்கூடச் சமாளித்துவிடலாம்.

மதுரையில் 19 வருடமாகத் தியேட்டர் செவிலியாக இருக்கிறேன். பாடி ஐயா சொன்ன உடைசல் மேசைக்கு எங்கள் துறையில் ஒரு ஆய்வே உண்டு. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம். தோண்டிப் பார்த்தபோது விளங்கியது. அங்கே தவறைச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். உங்கள் ஃபோர்மனுக்குப் பதவி உயர்வு கொடுக்காதவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள், புது தில்லியும் அதில் ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தோம்: கத்தி வைப்பதற்கு முன்பு அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். தினமும் பார்க்கிற முகத்திடம் பெயர் சொல்வதா? ஆனால் ஒருமுறை வாய் திறந்துவிட்டவளுக்கு அடுத்த முறை வாய் திறப்பது எளிது. அங்கே பெயரைக் கேட்பதற்கும் உங்கள் ஆலையில் பெயரைக் கேட்டதற்கும் எவ்வளவு தூரம்!

ஒரு நாள் வயிற்று அறுவை ஒன்றில், ரத்தம் ஒற்றும் துணியான மாப் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பெரிய டாக்டர் மூடுவதற்கு ஊசியைக் கையில் வாங்கிவிட்டார். பயிற்சி முடித்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப்பெண், "மூடாதீர்கள் சார், ஒன்று குறைகிறது" என்றாள். குரல் நடுங்கியது. தேடினோம். மேசைக்குக் கீழே பக்கெட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு கிடந்தது மாப். வயிற்றுக்குள் எதுவும் இல்லை. ஏழு நிமிடம் வீண். அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது. டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "நாளைக்கும் குறைந்தால் நாளைக்கும் நிறுத்தம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் தியேட்டரில் ஆயாம்மாகூட வாய் திறந்து பேசுவார். பக்கத்துத் தியேட்டரில் அதே பட்டியல், அதே படிவம், சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. அங்கே நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிடுவார்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். மரணம் சொல்லும்படிக் குறையவில்லை என்று 2014இல் முடிவு வந்தது. எனக்கு அதில் வியப்பே இல்லை. எங்கள் பக்கத்துத் தியேட்டரைப் போய்ப் பார்த்தால் போதும்.


வடம் | புதன், இரவு 8.10

நான் திருவாரூர்க்காரன். உங்கள் பேச்சில் கயிறு கயிறு என்று வந்துகொண்டே இருக்கிறது, எனக்குத் தேர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்.

எங்கள் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி, எடை ஏறத்தாழ 300 டன். "ஆரூரா, தியாகேசா" என்று வடம் பிடித்து இழுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் எத்தனை பேர் உண்மையில் இழுக்கிறார்கள், எத்தனை பேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடவே நடக்கிறார்கள் என்பது தியாகேசருக்கே வெளிச்சம். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் இதையே அளந்து 1913இல் எழுதினார். எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தால், தனியாக இழுக்கும்போது காட்டும் பலத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒவ்வொருவரும் காட்டுகிறார்கள். கூட்டம் கூடக்கூடப் பலம் கசிகிறது. ஒன்று மற்றவர் இழுப்பார் என்ற நினைப்பு, இன்னொன்று எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது.

நான் சொல்ல வந்தது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றி. எங்கள் பெரியப்பா அந்த வேலை பார்த்தவர். 300 டன் உருண்டு வரும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்து, சரியான நொடியில் கட்டையைச் செருகி எடுக்க வேண்டும். வீதி முனையில் தேர் திரும்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது, இருந்தாலும் கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் நகராது. நம் பேச்சு வழக்கிலோ "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் வேலையைக் கெடுக்கிறான் என்று பொருள். தேரடியில் அதற்கு நேர் எதிர். பெரியப்பாவுக்கு முதல் மரியாதைகளில் ஒன்று உண்டு, வேட்டியும் துண்டும். "வடம் பிடிக்க ஊரே வரும், கட்டை போட ஆளைப் பழக்க வேண்டும்" என்பார்.

அந்த ஒடிசாப் பையனுக்கு உங்கள் ஆலையில் வேட்டி துண்டு யார் கொடுப்பார்கள்?


கைமடி | வியாழன், காலை 5.40

திருப்பூர். பனியன் கம்பெனியில் தையல்காரருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மிஷின் படித்து, இப்போது லைன் சூப்பர்வைசர். பிள்ளைக்குச் சோறு கட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். தியேட்டர் அக்காவும் தேர் அண்ணனும் நல்லது சொன்னார்கள். நான் கெட்டதும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்களிடம் முன்பு ஆளுக்கு ஆள் பீஸ் ரேட். ஓவர்லாக்கில் ஒரு தோள் கோணலாக வந்தால் ஃப்ளாட்லாக் அடிக்கிறவளுக்குத் தெரியும். பண்டலைத் திருப்பி அனுப்பினால் அவள் எண்ணிக்கை குறையும், சனிக்கிழமை சம்பளம் குறையும். ஆகவே கோணலின் மேலேயே அடித்து அனுப்புவாள். செக்கிங்கில் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், மலைபோலக் குவியும். சண்டை, அழுகை, பவர் டேபிளுக்கு மேல் கத்தரிக்கோல் பறந்த நாளும் உண்டு.

கான்ட்ராக்டரிடம் பேசிக் கணக்கை மாற்றினேன். மிஷின் வாரியாக எண்ணுவதில்லை. லைன் கடைசியில் செக்கிங் தாண்டி வந்த நல்ல பீஸ் எத்தனையோ அதற்குத்தான் கூலி, எல்லோருக்கும் பங்கு. ஒரே மாதத்தில் ஆல்டர் பாதியாகிவிட்டது. தோள் கோணினால் அந்த இடத்திலேயே "அக்கா, இங்கே பார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கைமடிப் பிள்ளைகூடக் கை தூக்கிச் சொன்னாள். மதியச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பார்க்கவே நன்றாக இருந்தது.

நான்காம் மாதம் ஒரு அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார். வயது 50க்கு மேல், கண் கொஞ்சம் மங்கல், கை மெதுவு. நான் ஒரு சொல் சொல்லவில்லை, கான்ட்ராக்டரும் சொல்லவில்லை. லைன் சொன்னது. "அக்காவால் நம் எல்லோருக்கும் நூறு ரூபாய் குறைகிறது" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். அடுத்த வாரம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. ஒன்றுகூடிய கைகள்தான் அவரைத் தள்ளின. செங்கொடி அண்ணன் சொன்னது அதனால் எனக்குப் புரிகிறது.

இப்போது பிசிறு நூல் வெட்டும் ட்ரிம்மிங்குக்கு இரண்டு பேரைத் தனிக் கூலியில் வைத்திருக்கிறேன், பங்கில் சேராமல். அந்த அக்காவைக் கூப்பிட்டேன். வரவில்லை.


கணினிக்_கூலி | வியாழன், காலை 11.15

கைமடி அக்கா சொன்னதை உள்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மெதுவாகச் செய்பவரை வைத்துக்கொண்டே இருந்தால் லைன் முழுக்கப் பாதிக்கப்படும் என்பதும் உண்மைதானே. எங்கள் துறையில் இதற்கு அளவீடுகள் உண்டு.


செங்கொடி_நிழல் | வியாழன், காலை 11.32

அந்த அளவீட்டில் உங்களுக்கு 50 வயது ஆகும்போது என்ன காட்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.


கணினிக்_கூலி | வியாழன், காலை 11.40

எனக்கு 41 ஆகிவிட்டது. எங்கள் துறையில் அதுவே 50க்குச் சமம். கேள்வி தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அணியிலும் தவறு நடந்தால் குற்றம் சுமத்தாமல் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆவணத்தில் எவர் பெயரும் இருக்காது. ஆண்டு இறுதி மதிப்பீட்டுக் கூட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.


நெறியாளர் | வியாழன், மதியம் 12.00

இருவரும் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இழை நன்றாகப் போகிறது.


பாடி_பழையவர் | வியாழன், மாலை 4.50

திருப்பூர்ப் பெண்ணே, நீ கணக்கை மாற்றியதுதான் உண்மையான மாமல்லபுரம். பலூன் உடைத்தால் தோள் கோணல் நிமிராது. யாருக்கு எதற்குக் கூலி என்பதில் இருந்துதான் நடத்தை பிறக்கிறது. அந்த அக்கா விஷயத்தில் உன் மனம் உறுத்துகிறதே, அது உறுத்தட்டும். உறுத்தாத சூப்பர்வைசர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஓரகடம் தம்பிக்கு ஒரு யோசனை. கயிற்றை முதலில் நீயே இழு. ஏதாவது சின்ன விஷயத்துக்கு. கையுறை கிழிந்திருக்கிறது என்று இழு. லைன் நிற்கட்டும். இழுத்தால் வானம் இடிந்து விழாது என்று பையன்கள் கண்ணால் பார்க்கட்டும். விழுந்தால் உன் தலையில் விழட்டும்.


செங்கொடி_நிழல் | வியாழன், இரவு 9.20

ஐயா சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், தோழர். டீம் லீடர் எழுத்தில் காரணம் கொடுக்காமல் லைனில் இருந்து எவரையும் ஒப்பந்ததாரர் மாற்றக் கூடாது என்று கேளுங்கள். பெரிய கோரிக்கை அல்ல. ஒரு தாள். அது கிடைத்தால் 16 பேருக்கும் கயிறு இரண்டு அடி கீழே இறங்கி வரும்.


இரண்டாம்_ஷிஃப்ட் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மாமல்லபுரம் போனோம். கடல் நன்றாக இருந்தது. பலூனும் உடைத்தோம். ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் கடலைப் பார்த்ததே இல்லையாம், முழங்கால் நனைய நின்று வீட்டுக்கு வீடியோவில் காட்டினார்கள். ஆகவே அந்த ஞாயிறு வீண் என்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமை கயிறு மட்டும் அப்படியே தொங்கியது.

புதன் அன்று நான் இழுத்தேன். கையுறை அல்ல, கேபிள் ஒன்று தரையில் உரசிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் 22 பேரும் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம். கட்டிவிட்டு ஓட்டினோம். மேலிருந்து எவரும் வரவில்லை. மறுநாள் நிரந்தரத் தொழிலாளி ஒருவர் இழுத்தார், நோசில் அடைப்பு. அதற்கடுத்த வாரம் இன்னொருவர்.

போன வாரம் அந்தப் பையனே இழுத்தான். ஓடிப் போனேன். ஃபிக்சர் பின் மறுபடி தேய்ந்துவிட்டது என்றான். கேஜ் வைத்து அளந்து பார்த்தேன், அந்தப் பின் சரியாகத்தான் இருந்தது. வெல்டு சிதறல் ஒன்று பக்கத்தில் ஒட்டியிருந்ததில் அப்படித் தெரிந்திருக்கிறது. ஆறு நிமிடம் லைன் நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. சிஸ்டர் அக்கா எழுதியது நினைவுக்கு வந்தது, ஆனால் அந்த டாக்டர் மாதிரி அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "பரவாயில்லை, அந்தச் சிதறலை நீயே சுரண்டு" என்று மட்டும் சொன்னேன்.

இந்த முறை மேலே இருந்து ஆள் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஃபிக்சரிடம் அழைத்துப்போய், எங்கே சிதறல் ஒட்டுகிறது, ஏன் ஒட்டுகிறது, ஒரு தகடு வைத்து மறைத்தால் அந்தப் பின்னும் தேயாது என்று காட்டினேன். குனிந்து பார்த்தார், தலையாட்டினார். போகும்போது திரும்பி நின்று, "இழுத்தது யார்?" என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. எழுதிக்கொண்டு போனார்.

செங்கொடி தோழர் சொன்ன தாளைக் கேட்டுவிட்டேன். "வாய்மொழியாகச் சரி, எழுத்தில் தர இயலாது" என்றார்கள். தகடு வெள்ளிக்கிழமை பொருத்தியாகிவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிப்பது 30ஆம் தேதி.


கைமடி | ஞாயிறு, இரவு 7.05

தம்பி, பையன் இருக்கிறானா?


இரண்டாம்_ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 7.40

இன்று வரை இருக்கிறான் அக்கா. இந்த வாரம் இரவு ஷிஃப்ட். நான் பகல் ஷிஃப்டுக்கு மாறியிருக்கிறேன். தினமும் காலை உள்ளே நுழைந்ததும் முதலில் அவன் கார்டு பஞ்ச் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லைனுக்குப் போகிறேன்.